பத்தமடைக் குப்புசாமியும் பன்னிரண்டு ஆசனங்களும்: இன்றைய யோகா வகுப்பு எப்படி உருவானது?

சர்வதேச யோகா தினமான ஜூன் 21-ஐ ஒட்டி ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாரம் இதே சண்டைதான். ஒரு பக்கம், இன்று நாம் செய்கிற யோகாசனங்கள் எல்லாம் ஐயாயிரம் ஆண்டுகளாக ஒரு துளியும் மாறாமல் வந்தவை என்கிறார்கள். இன்னொரு பக்கம், அதெல்லாம் கதை, நூறு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்து டிரில்லைப் பார்த்து உண்டாக்கியதுதான் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் முதுகுவலிக்காக ஒரு வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் இரண்டையும் படித்துவிட்டுக் குழம்பிப்போகிறார்.

இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற பத்தமடையில் இறங்கினால் போதும். பாய்க்குப் பேர்போன அந்த ஊரில் பிறந்த ஒருவர்தான், மாண்ட்ரியாலிலும் லண்டனிலும் இன்று நடக்கிற ஒரு பெரிய யோகா மரபுக்கு மூலவர். இது நம் மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

## முதலில் சொற்கள்

யோகம் என்பது பழைய சொல். மனத்தை அடக்கி ஒருமுகப்படுத்தும் முழு ஒழுக்கத்துக்கும் அதுதான் பெயர். (நம் பேச்சில் ‘அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு’ என்றால் அதிர்ஷ்டம், அது வேறு.) ஆசனம் என்றால் இருக்கை, உட்காரும் நிலை. ஹடயோகம் என்பது உடம்பையும் மூச்சையும் கருவியாக வைத்துச் செய்யும் பயிற்சி, அது யோகத்தின் ஒரு கிளை.

‘யோகா’ என்று நெடிலில் முடிகிற சொல் ஆங்கில எழுத்துவழி சுற்றித் திரும்பி வந்தது. நம் தாத்தா காலத்தில் ‘யோகாசனம் பழகுகிறான்’ என்றுதான் சொன்னார்கள். இந்தச் சின்ன மாற்றத்தைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும். யோகம் பழையது. ஒரு ஆசிரியர் முன்னால் நிற்க, இருபது பேர் விரிப்புப் போட்டு வரிசையாக ஆசனம் செய்து, கடைசியில் படுத்து ஓய்வெடுத்து, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிற ‘யோகா வகுப்பு’ புதியது. சண்டை போடுகிற இரு தரப்பும் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

## பழைய நூல்களில் ஆசனத்துக்கு எவ்வளவு இடம்?

1. ‘ஐயாயிரம் ஆண்டு’ என்ற கணக்கு பெரும்பாலும் மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரையிலிருந்து வருகிறது. அதில் கால்களை மடக்கி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அது யோக நிலைதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. முத்திரையில் இருக்கிற எழுத்தை இன்னும் யாரும் படித்தாகவில்லை. ஆகவே அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

2. பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. உட்காரும் நிலை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். எந்த ஆசனத்தின் பெயரும் அங்கே இல்லை.

3. நம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிவாகச் சொல்கிறது. பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம், சுவத்திகம் என்று ஆசனப் பெயர்கள் வருகின்றன. இவை அநேகமாக எல்லாம் உட்காரும் நிலைகள். திருமூலரின் அக்கறை மூச்சின் மேல்தான் அதிகம்.

4. பதினைந்தாம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள். கேரண்ட சம்ஹிதையில் 32. மயூராசனம் போல உடம்பைக் கைகளில் தாங்கும் நிலைகள் இவற்றில் தெளிவாகவே இருக்கின்றன.

5. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடாப்யாச பத்ததி என்ற சுவடியில் 112 ஆசனங்கள், கயிற்றில் தொங்கிச் செய்வதுகூட இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் எழுதப்பட்ட ஸ்ரீதத்வநிதியில் 122 ஆசனங்களுக்குப் படமே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

‘எல்லாம் டிரில்லிலிருந்து வந்தது’ என்பவர்களுக்கு இந்த ஐந்தாவது குறிப்பே பதில் சொல்லும். ஆசனங்கள் பெருகி, அசைவு கூடிக்கொண்டே வந்தது வெள்ளைக்காரன் பள்ளிக்கூட டிரில் இங்கே பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் ‘ஒன்றுமே மாறவில்லை’ என்பதும் இதே பட்டியலைப் பார்த்தால் நிற்காது. மூன்று சூத்திரத்திலிருந்து 122 படம் வரை வந்திருக்கிறதே.

## 1893 முதல் 1940 வரை: வகுப்பு பிறந்த காலம்

1893-ல் சிகாகோவில் பேசிய விவேகானந்தர் மேலைநாட்டுக்குக் கொண்டுபோனது ராஜயோகத்தை, அதாவது தியானத்தை. ஆசனப் பயிற்சியில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. அன்றைய படித்த இந்தியர்கள் பலருக்கும் அப்படித்தான். ஹடயோகி என்றாலே தெருவில் வித்தை காட்டுகிறவர் என்ற எண்ணம் இருந்தது.

இது தலைகீழாக மாறியது அடுத்த நாற்பது ஆண்டுகளில். ஐரோப்பா முழுக்க உடற்பயிற்சி மோகம், சுவீடனின் லிங் வகுத்த பயிற்சி முறை பள்ளிகளிலும் பட்டாளங்களிலும் பரவியது, சாண்டோ என்ற உடற்கட்டு வீரர் இந்தியாவுக்கே வந்து காட்சி நடத்தினார், இங்கே ‘நம் உடம்பு பலவீனம், அதனால்தான் அடிமைப்பட்டோம்’ என்ற ஆதங்கம் இளைஞர்களிடம் கொதித்துக்கொண்டிருந்தது. நமக்கென்று ஒரு உடற்பயிற்சி வேண்டும் என்று தேடியபோது யோகாசனம் கையில் அகப்பட்டது.

1918-ல் பம்பாயில் யோகேந்திரர் நிறுவனம் தொடங்கினார். 1924-ல் லோனாவாலாவில் குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கி, எக்ஸ்ரே வைத்து, அழுத்தமானி வைத்து ஆசனம் செய்கிறவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அளந்தார். ஔந்த் சமஸ்தானத்து ராஜா சூரிய நமஸ்காரத்தை ஒரு தொடர் உடற்பயிற்சியாகப் பரப்பினார். இன்று பல வகுப்புகளில் முதலில் செய்கிற சூரிய நமஸ்காரம், ஆசனங்களின் பக்கத்தில் வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1933-ல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்த ஆரம்பித்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் இருவரும் அவரிடம் பயின்றவர்கள். கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னையில் குடியேறி நூறு வயதைத் தாண்டி 1989-ல் காலமானார்.

பெரும்பாலான வரலாற்றுக் கட்டுரைகள் மைசூரோடு நின்றுவிடும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அடுத்த பகுதி.

## பத்தமடை வழி

1887 செப்டம்பர் 8-ல் பத்தமடையில் பிறந்தவர் குப்புசாமி. அப்பய்ய தீட்சிதர் வழிவந்த குடும்பம். எட்டயபுரத்தில் பள்ளிப்படிப்பு. அப்புறம் தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909-ல் திருச்சியிலிருந்து ஒரு மருத்துவ மாத இதழ் நடத்தினார். நோய் வராமல் காப்பது எப்படி என்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி எழுதுவது அதன் வேலை. 1913-ல் மலேயா போனார். சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் வேலை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் நம் தமிழ்ச் சனங்கள். பத்து வருஷம் அங்கே இருந்துவிட்டு 1923-ல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பினார், 1924-ல் ரிஷிகேசத்தில் துறவு பெற்றார். அவர்தான் சுவாமி சிவானந்தர்.

இந்த மருத்துவர் பின்னணியை நான் வெறும் வாழ்க்கைக் குறிப்பாகச் சொல்லவில்லை. அவர் யோகத்தை எழுதிய விதத்தில் அது அப்படியே தெரிகிறது. ரிஷிகேசத்திலும் முதலில் சாதுக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இலவச மருந்தகம்தான் நடத்தினார். 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தை (டிவைன் லைஃப் சொசைட்டி) தொடங்கினார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுதினார், அநேகமாக எல்லாம் எளிய ஆங்கிலத்தில். ஒரு ஆசனத்தை எடுத்தால் எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம், என்ன பலன், யார் செய்யக் கூடாது என்று மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதுவார். குருவின் வீட்டில் பல வருஷம் இருந்து காதில் கேட்டு வாங்க வேண்டிய சங்கதியைத் தபாலில் அனுப்பினார். பழைய மரபுக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. என் பார்வையில், யோகம் பொதுஜனத்துக்கு வந்தது இந்தத் தபால்தலை விலையில்தான்.

அவர் மேலைநாட்டுக்குப் போனதே இல்லை. 1963-ல் ரிஷிகேசத்திலேயே மறைந்தார். போனவர்கள் அவருடைய சீடர்கள்.

அவர்களில் விஷ்ணுதேவானந்தர் கேரளத்துக்காரர், பட்டாளத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு குப்பைக் கூடைப் பக்கம் கிடந்த சிவானந்தரின் துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுத்தான் ரிஷிகேசத்துக்கே போனார் என்று அந்த மரபில் சொல்வார்கள். 1957-ல் குரு அனுப்ப அமெரிக்கா போனார். 1959-ல் மாண்ட்ரியாலில் மையம், 1960-ல் படங்களோடு ஒரு பெரிய கையேடு, 1969-ல் ஆசிரியர் பயிற்சி. இந்த மூன்றாவதுதான் உலகத்தையே மாற்றியது. நான்கு வாரத்தில் ஒருவரை யோகா ஆசிரியராக்கி அனுப்பும் முறை. இன்று ஊர் ஊராகச் சான்றிதழ் தருகிற பயிற்சிகளுக்கு இதுதான் முன்மாதிரிகளில் ஒன்று.

இன்னொரு சீடர் சச்சிதானந்தர், கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். 1969-ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் இவர். இவரிடம் யோகம் பயின்றவர்தான் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர். அவருடைய இதயநோய் ஆய்வு 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: கொழுப்புக் குறைந்த சைவ உணவு, நடை, புகை விடுதல், இவற்றோடு ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம். ஒரு வருஷத்தில் பலருடைய ரத்தக்குழாய் அடைப்பு ஓரளவு குறைந்திருந்தது. எல்லாம் சேர்த்துச் செய்ததால் ஆசனத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பத்தமடையில் பிறந்த ஒரு மருத்துவர், கோவைக்காரச் சீடர், அமெரிக்க மருத்துவமனை என்று அந்தச் சங்கிலியை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

## அந்தப் பன்னிரண்டு, அந்த வரிசை

சிவானந்தர் நிறைய ஆசனங்களை எழுதினார். அதிலிருந்து பன்னிரண்டை எடுத்து ஒரு வகுப்பாகக் கட்டியவர் விஷ்ணுதேவானந்தர். முதலில் மூச்சுப் பயிற்சி (கபாலபாதி, நாடிசுத்தி), அப்புறம் சூரிய நமஸ்காரம், அதன்பின் இந்த வரிசை:

1. சிரசாசனம்
2. சர்வாங்காசனம்
3. ஹலாசனம் (கலப்பை)
4. மச்சாசனம்
5. பச்சிமோத்தாசனம்
6. புஜங்காசனம்
7. சலபாசனம்
8. தனுராசனம்
9. அர்த்த மச்சேந்திராசனம்
10. காகாசனம் அல்லது மயூராசனம்
11. பாதஹஸ்தாசனம்
12. திரிகோணாசனம்

கடைசியில் நீண்ட சவாசனம் (அசையாமல் மல்லாந்து படுத்து ஓய்வெடுப்பது). நடுநடுவிலும் சின்னச் சின்ன சவாசனம்.

வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வாங்காசனத்திலும் ஹலாசனத்திலும் கழுத்து முன்பக்கம் நன்றாக மடங்குகிறது. உடனே அடுத்து மச்சாசனம், அதில் கழுத்து பின்பக்கம் போகிறது. இதை மாற்று ஆசனம் என்பார்கள். பச்சிமோத்தாசனத்தில் முதுகெலும்பு முன்னால் வளைகிறது, அடுத்த மூன்றிலும் பின்னால் வளைகிறது, அந்த மூன்றுக்குள்ளும் ஒரு படிக்கட்டு: புஜங்கம் மேல் உடம்பைத் தூக்குகிறது, சலபம் கீழ் உடம்பை, தனுர் இரண்டையும். பிறகு முறுக்கு. பிறகு கையில் உடம்பைத் தாங்குவது. இறுதியில்தான் நிற்பவை. ஒரு தையற்காரர் துணியை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்ப்பதுபோல முதுகெலும்பை எல்லாத் திசையிலும் கொண்டுபோய்விட்டு விடுகிறார்கள்.

நடுவில் வருகிற சவாசனம் இந்த மரபின் தனி அடையாளம். இதயத்துடிப்பும் மூச்சும் தணிந்த பிறகே அடுத்தது என்பதால் வியர்த்துக் கொட்டாது. ஆசனத்தைத் தவிர நான்கு சங்கதிகளையும் இம்முறை சேர்த்துச் சொல்கிறது: சரியான மூச்சு, சரியான ஓய்வு, சரியான உணவு, நல்ல எண்ணமும் தியானமும். ஆசனத்தோடு சேர்த்து இவற்றை ஐந்து அம்சங்கள் என்பார்கள்.

## உங்கள் பக்கத்து வகுப்பு எந்த வழி?

விரிப்பைப் பாருங்கள், பாதி தெரிந்துவிடும். காலை ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் விரிப்பு ஐரோப்பாவில் தரைக்கம்பளத்துக்கு அடியில் போட்ட பொருளிலிருந்து வந்தது. ஐயங்கார் வழியில் காலை அகலமாக விரித்து நெடுநேரம் நிற்கும் ஆசனங்கள் முக்கியம், அதற்குப் பிடிமானம் வேண்டும். பட்டாபி ஜோயிஸ் வழியில் மூச்சோடு சேர்த்துக் குதித்துக் குதித்து ஆசனம் மாறும், அதற்கும் வேண்டும். சிவானந்தர் வழியில் பன்னிரண்டில் பெரும்பகுதி படுத்தும் உட்கார்ந்தும் செய்பவை. ஒரு கோரைப் பாயோ ஜமுக்காளமோ போதும். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து ஊறப்போட்டு நெய்கிற ஊரில் பிறந்தவரின் மரபு பாயிலேயே அடங்குவது எனக்கு அழகாகப் படுகிறது, அது தற்செயல்தான் என்றாலும்.

நம் பக்கம் பலர் போகிற மனவளக்கலை மன்றம் இவற்றில் எதுவும் இல்லை. அது வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த தனி முறை. கை, கால், மூச்சு, கண் என்று பகுதி பகுதியாக எளிய உடற்பயிற்சி, அதோடு குண்டலினித் தியானம். தலைகீழாக நிற்கச் சொல்லமாட்டார்கள், ஆகவே வயதானவர்களுக்கு எளிது.

‘நாங்கள் வேறு மதம், செய்யலாமா’ என்று கேட்பவர்களும் இங்கே உண்டு. நியாயமான கேள்வி. பதில் வகுப்பைப் பொறுத்தது. சிவானந்தர் முறை வகுப்புகள் வழக்கமாகத் தியான சுலோகத்தோடு தொடங்கும். சில வகுப்புகளில் ஒரு சொல் வழிபாடும் இருக்காது. கலிபோர்னியாவில் பள்ளி யோகா வகுப்பை எதிர்த்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல், அந்த வகுப்பில் மதப் போதனை இல்லை என்று சொல்லி அனுமதித்தது. அது அந்த வகுப்புக்கான தீர்ப்பு. நீங்கள் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதோடு சேர்த்து உரிமைச் சண்டையையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் யோகா வகுப்புகள் நடத்திப் பிரபலமான பிக்ரம் சௌத்ரி தன்னுடைய 26 ஆசன வரிசைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கேட்டார். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் மறுத்துவிட்டது. ஒரு பயிற்சி முறையை விளக்கும் புத்தகத்துக்குக் காப்புரிமை உண்டு, பயிற்சிக்கே கிடையாது.

## உடம்புக்கு என்ன செய்கிறது, எங்கே ஜாக்கிரதை

முதுகுவலியைப் பற்றி 2022-ல், மருத்துவ ஆய்வுகளை எடைபோடுகிற காக்ரேன் குழு 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, கலந்துகொண்டவர்கள் 2,200-க்கு மேல். எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருப்பதைவிட யோகா கொஞ்சம் நல்லது, ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. முதுகுக்கான மற்றப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. சிலருக்கு வலி கூடவும் செய்தது. ஆக, முதுகுவலிக்கு யோகா செய்வது சரி, பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைத் தொடர்வதும் சரி. இரண்டில் எதை விடாமல் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்.

சிரசாசனம் வேறு விஷயம். சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006-ல், யோகா பழகிய 75 பேரை அளந்து பார்த்தார்கள். தலைகீழாக நின்றபோது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அது பழகியவர்களுக்கே. கண் அழுத்த நோய் (கிளௌகோமா) இருப்பவருக்கு, இருப்பதே தெரியாதவருக்கு, இது விளையாட்டல்ல. கழுத்துத் தேய்மானம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடக்கூடாது. சிவானந்தர் முறையில் இது வரிசையில் முதலாவது என்பதால் ஆர்வக்கோளாறில் முதல் வாரமே சுவரோரம் போய்த் தலையை ஊன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் முதலாவது என்றால் முதல் வாரம் செய்வது என்று பொருள் கிடையாது. முன்கையும் தோளும் பலப்பட்ட பிறகு, ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது செய்வது. நன்றாகச் செய்தால் எடையில் பெரும்பகுதி முன்கையில் இறங்க வேண்டும், கழுத்தில் இல்லை.

வகுப்பில் சேரும்போது ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே, எத்தனை நாள் பயின்றீர்கள்? எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், கழுத்து எப்படி என்று ஏன் கேட்கவில்லை? (கேட்டிருந்தால் நல்லது, இந்தக் கேள்வி வேண்டாம்.) என்னால் முடியாத ஆசனத்துக்குப் பதிலாக என்ன தருவீர்கள்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், ‘முயற்சி பண்ணுங்க, வந்துடும்’ என்று மட்டும் சொன்னால், வேறு வகுப்பு பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.